மாதம் எழுபது ஜிர்கோனியாவுக்கு ஒரு மில்லிங் மெஷின் வேண்டுமா?

திருநெல்வேலியில் பல் லேப், அதாவது டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் பட்டறை, நடத்தும் ஒரு நண்பரின் கேள்வி இது. அவரிடம் மூன்று டெக்னீஷியன்கள், ஒரு டேபிள் ஸ்கேனர், எக்ஸோகேட் டிசைன் மென்பொருள் இருக்கின்றன. மாதம் ஏறக்குறைய 160 யூனிட் (ஒரு பல் ஒரு யூனிட்) வேலை வருகிறது. அதில் 70 ஜிர்கோனியா, அதாவது பல் நிறத்தில் இருக்கும் கடினமான செராமிக். மீதி மெட்டல் செராமிக்கும் தற்காலிகக் கிரவுன்களும் (பல்லின் மேல் மாட்டும் உறைகள்). ஜிர்கோனியா டிசைனைச் சென்னையில் உள்ள ஒரு மில்லிங் சென்டருக்கு, அதாவது டிசைன்படி மெஷினில் வெட்டித் தரும் இடத்துக்கு, அனுப்பி, யூனிட்டுக்கு 600 ரூபாய் கொடுத்து வெட்டி வாங்குகிறார். வெள்ளிக்கிழமை அனுப்பிய வேலை செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வருகிறது. வங்கி 18 லட்சம் கடன் தரத் தயாராக இருக்கிறது. கையில் இரண்டு கொட்டேஷன்கள்: ஒன்று தண்ணீர் விட்டும் உலர்வாகவும் வெட்டக்கூடிய 4 ஆக்ஸிஸ் (நான்கு வகை அசைவு) மெஷின், மற்றொன்று உலர்வாக மட்டும் வெட்டும் 5 ஆக்ஸிஸ் மெஷின். எதை வாங்கலாம் என்று கேட்கிறார்.

கேள்வியை இரண்டு முறை படித்தேன். அவரை வாட்டுவது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் என்று எனக்குப் பட்டது. டாக்டர் நோயாளிக்குத் திங்கட்கிழமை நேரம் கொடுத்துவிடுகிறார், கூரியர் வந்து சேர்வதில்லை, திட்டு லேபுக்கு விழுகிறது. எந்த மெஷின் என்பதற்கு முன்னால், இப்போது மெஷின் வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை அவர் கேட்கவில்லை. இருந்தாலும் நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மெழுகில் பல் செதுக்கி, உலோகம் உருக்கி ஊற்றித் தொழில் கற்ற தலைமுறை நான். கோவையில் 22 ஆண்டுகளாக இந்த வேலை. அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் மில்லிங் மெஷினோடு. மூன்று மெஷின்கள் வாங்கி, ஒன்றை நட்டத்துக்கு விற்றிருக்கிறேன். ஜிர்கோனியா, மெழுகு, பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் மூன்றும் எனக்குக் கைப்பழக்கம். டைட்டானியமும் கோபால்ட் குரோமும் வெட்டும் பெரிய மெஷின்களை மற்றவர்கள் லேபில் நின்று பார்த்ததோடு சரி. அதைப் பற்றி நான் சொல்லும் இடத்தில் இன்னொருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 70 யூனிட்டுக்கு 600 ரூபாய் வீதம் மாதம் 42,000 ரூபாய் சென்னைக்குப் போகிறது. இதைப் பார்த்ததும், இந்தப் பணத்தில் தவணையே கட்டிவிடலாமே என்று தோன்றும். விற்க வருகிறவர்களும் அதைத்தான் தாளில் எழுதிக் காட்டுவார்கள். 18 லட்சம், ஐந்து ஆண்டு, 12 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 40,000. பொருந்திவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் சொந்த மெஷினில் வெட்டினாலும் செலவு உண்டே. 5,000 ரூபாய் ஜிர்கோனியா டிஸ்க் (வட்டத் தட்டு) ஒன்றில் 25 யூனிட் எடுத்தால் யூனிட்டுக்கு 200. பர் (வெட்டும் கருவி) தேய்மானம், மின்சாரம், கெட்டுப்போனதை மறுபடி வெட்டுவது எல்லாம் சேர்த்து இன்னொரு 100 வையுங்கள். 600-இல் உங்களுக்கு மிஞ்சுவது 300. எழுபது யூனிட்டுக்கு 21,000. தவணையில் பாதிதான் தேறுகிறது. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 18,000 சம்பளம், பழுதுக்கென்று மாதம் 8,000 ஒதுக்கீடு என்று சேர்த்தால் மொத்தச் சுமை 66,000. அதை 300-ஆல் வகுத்தால் 220 யூனிட். இவை கணக்குக்காக நான் போட்ட விலைகள். உங்கள் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 220 என்பது 180 ஆகலாம், 260 ஆகலாம். 70 ஆகாது.

மெஷின் வந்துவிட்டால் வேலை தானாகக் கூடும் என்பார்கள். சில லேப்களில் கூடியிருக்கிறது. என் லேபில் முதல் மெஷின் வந்த பிறகு ஓராண்டுக்கு வேலை கூடவில்லை. அடுத்த ஆண்டு கூடியது, அதற்குக் காரணம் மெஷினா அல்லது பக்கத்தில் திறந்த இரண்டு கிளினிக்குகளா என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நம்பிக்கையின் மேல் கடன் வாங்க நான் சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு நான் செய்யச் சொல்வது, மில்லிங் மெஷினுக்கு முன்னால் சின்டரிங் ஃபர்னஸ், அதாவது வெட்டியதைச் சுடும் அடுப்பு, வாங்குவது. ஜிர்கோனியாவை நாம் வெட்டும்போது அது சாக்பீஸ் மாதிரி இருக்கிறது. நகத்தால் கீறினால் மாவு உதிரும். முழு அளவைவிடக் கால் பங்கு பெரிதாக வெட்டி, ஏறக்குறைய 1,500 டிகிரியில் சுட்ட பிறகுதான் அது சுருங்கி, தட்டினால் கண்ணாடி போலக் கணீரென்று ஒலிக்கும் பொருளாகிறது. வெட்டுவதற்கு ஒரு கிரவுனுக்கு இருபது நிமிடம் போதும்; வழக்கமான சுழற்சியில் சுடுவதற்கு ஓர் இரவு பிடிக்கும். மில்லிங் சென்டரில் உங்கள் வேலை காத்துக் கிடப்பது பெரும்பாலும் அடுப்பு வரிசையில்தான். சுடாமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள், விலையும் குறையும். பஞ்சு வைத்த சிறு டப்பாவில் ஒவ்வொன்றையும் தனியாக வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மார்ஜின் (கிரவுனின் மெல்லிய விளிம்பு) உடைந்து வரும். இரவில் உங்கள் அடுப்பில் வைத்தால் காலையில் கிரவுன் தயார். இன்னும் பெரிய லாபம் நிறத்தில் இருக்கிறது. சுடுவதற்கு முன் கழுத்துப் பகுதியிலும் குழிகளிலும் நிறத் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வைக்கிற வேலை உங்கள் டெக்னீஷியன் கைக்கு வந்துவிடும். ஏ2 என்ற நிறத்தில் உங்கள் டாக்டருக்கு எந்தச் சாயல் பிடிக்கும் என்பது சென்னைக்காரருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, சென்னையைத்தான் நம்பியிருக்க வேண்டுமா? மதுரையிலும் நாகர்கோவிலிலும் விசாரித்துப் பாருங்கள். நான் மேலே போட்ட கணக்கைப் போடாமல் மெஷின் வாங்கிவிட்டு, பாதி நாள் அதைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கும் லேப் எப்படியும் ஒன்று அகப்படும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசினால் மறுக்க மாட்டார்கள். காலையில் ஃபைல் அனுப்பி மாலை பஸ்ஸில் வாங்கிக்கொள்ளலாம்.

ஜிர்கோனியா மாதம் 180-ஐத் தாண்டி, அது ஆறு மாதம் நிலைத்து நின்றால் மெஷினைப் பற்றி யோசியுங்கள். அப்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவரை விற்பனையாளர்கள் உங்களைச் சும்மா விடப்போவதில்லை.

தண்ணீரா உலர்வா என்பதுதான் பெரிய பிரிவு. இதற்கு ஒரு வரலாறு உண்டு. சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மனும் மார்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய செரெக் என்ற கருவியில் 1985-இல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. கிளினிக்கில் நோயாளி நாற்காலிக்கு அருகே, சிறு செராமிக் பிளாக்கைத் தண்ணீர் பாய்ச்சி வைரக் கருவியால் அரைத்தெடுக்கிற வழி அது. லேப்கள் பின்னால் வேறு வழியில் போயின. 98 மி.மீ. அகல டிஸ்க், உலர்வான வெட்டு, தூசியை உறிஞ்சும் வேக்குவம், ஒரே டிஸ்க்கில் இருபது முப்பது கிரவுன். இரண்டும் வேறு வேறு வேலைக்குப் பிறந்தவை. இரண்டையும் ஒரு பெட்டிக்குள் அடக்கிய கலப்பு மெஷின்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. கண்காட்சியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அன்றாட வேலையில், லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக்கைத் தண்ணீர் விட்டு வெட்டிய கையோடு ஜிர்கோனியா போட வேண்டுமானால் அறை முழுவதையும் துடைத்து, காய வைத்து, மூலையில் ஒட்டிய சேற்றை வழித்தெடுக்க வேண்டும். சாக்பீஸ் மாதிரியான பொருள் ஈரத்தை உறிஞ்சும். குளிர்விக்கும் திரவத்தில் கலந்திருப்பதும் சேர்ந்து உள்ளே போனால் சுட்ட பிறகு கறையாகத் தெரியும். நான் நட்டத்துக்கு விற்றது இப்படிப்பட்ட ஒரு மெஷினைத்தான். மெஷின் மோசம் என்று சொல்ல மாட்டேன்; அதைத் துடைப்பதற்கென்று ஓர் ஆளை வைக்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

லித்தியம் டைசிலிகேட் கேட்கும் டாக்டர்களுக்கு என்ன செய்வது? உலர் மெஷினிலேயே மெழுகு டிஸ்க்கில் கிரவுனை வெட்டி, அதைப் பழைய முறையில் அச்சில் பதித்து எரித்து, அந்தப் பொருளின் கட்டியான இங்காட்டை இளக்கி அச்சுக்குள் அழுத்தி பிரஸ் செய்யுங்கள். பிரஸ் ஃபர்னஸ் உங்களிடம் இல்லாவிட்டால் அதை வைத்திருக்கும் லேபைப் பிடியுங்கள். பொருத்தத்தில் குறை இருக்காது. மாதம் பத்துப் பதினைந்து யூனிட்டுக்காகத் தண்ணீர் மெஷின் வாங்க வேண்டியதில்லை.

உலோகம் வெட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். மெட்டல் செராமிக்குக்கான கோபால்ட் குரோம் கோப்பிங்கை, அதாவது உள்ளே இருக்கும் உலோக உறையை, லேசரால் உருக்கி அடுக்கடுக்காகப் படைக்கும் சென்டர்கள் நம் ஊரில் பரவலாகிவிட்டன. அந்த விலைக்கு மில்லிங்கில் உலோகத்தைக் குடைந்தெடுப்பது எட்டாது என்பது என் எண்ணம். இது நான் முன்பே சொன்ன, பார்த்த அளவில் பேசும் இடம். அதே போல மாடலும் (நோயாளியின் பற்களின் அச்சு) பெரும்பாலான தற்காலிகக் கிரவுனும் 3டி பிரிண்டருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மில்லிங் மெஷினுக்கென்று உறுதியாக மிஞ்சி நிற்பது ஜிர்கோனியாவும், நீண்ட நாள் வாயில் இருக்க வேண்டிய பி.எம்.எம்.ஏ.யும்தான்.

அடுத்தது 4 ஆக்ஸிஸா 5 ஆக்ஸிஸா. ஒரு தனிக் கிரவுனைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் முழுவதும் அடியிலிருந்து பார்த்தால் தெரியும்; வெளிப்பக்கத்தில் இடுப்புக்கு மேலே மேலிருந்தும், இடுப்புக்குக் கீழே அடியிலிருந்தும் தெரியும். டிஸ்க்கைத் திருப்பிப்போடத் தெரிந்த 4 ஆக்ஸிஸ் மெஷின் இதை எந்தக் குறையும் இல்லாமல் வெட்டிவிடும். மூன்று யூனிட் பிரிட்ஜிலும் (ஒன்றாக இணைந்த பற்கள்) அதைத் தாங்கும் தூண் பற்கள் ஓரளவு இணையாக இருந்தால் போதும். இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) வேலையில்தான் சிக்கல். இரண்டு இம்பிளாண்ட் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும். அல்லது ஸ்க்ரூ துளை முன்பல்லின் முகத்தில் வராமல் பின்பக்கம் சாய்ந்து வர வேண்டும். அங்கே பர் சாய்ந்து உள்ளே போக ஐந்தாவது ஆக்ஸிஸ் இல்லாமல் முடியாது. உங்கள் எழுபதில் எத்தனை இம்பிளாண்ட் என்று நீங்கள் சொல்லவில்லை. இன்று ஐந்தே இருந்தாலும், ஐந்து ஆண்டு தவணை கட்டப்போகிற மெஷின் என்பதால் நான் 5 ஆக்ஸிஸ்தான் எடுப்பேன். இதில் ஒரு நுணுக்கம்: 5 ஆக்ஸிஸ் என்று எழுதியிருந்தாலும் பக்கவாட்டுச் சாய்வு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். இருபது டிகிரிக்கும் முப்பது டிகிரிக்கும் இடையில் செய்ய முடிகிற வேலையே மாறிவிடும். மெஷினோடு வரும் கேம் (வெட்டும் வழியை வகுக்கும்) மென்பொருளில் ஐந்தாவது ஆக்ஸிஸ் திறந்திருக்கிறதா, இம்பிளாண்ட் பகுதிக்குத் தனிக் காசா என்பதையும் கேளுங்கள். உடம்பு ஐந்து ஆக்ஸிஸும் மூளை நான்கு ஆக்ஸிஸுமாக வந்து இறங்கிய மெஷினை நான் பார்த்திருக்கிறேன்.

துல்லியம் பற்றி. விளம்பரத் தாளில் ஐந்து மைக்ரான், பத்து மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்று போட்டிருக்கும். அந்த எண்ணுக்காக நீங்கள் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கிரவுன் மார்ஜினில் 120 மைக்ரான் வரை இடைவெளியை ஏற்றுக்கொள்ளலாம் என்று மெக்லீனும் வான் ஃப்ரான்ஹோஃபரும் 1971-இல் எழுதினார்கள். இன்றும் பலரும் அந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல லேபில் அதில் பாதிக்குள் வரலாம், வர வேண்டும். ஆனால் பொருத்தம் கெடுவது பெரும்பாலும் மெஷினின் அசைவுத் துல்லியத்தால் இல்லை. டாக்டர் பல்லை அரைக்கும்போது முனையைக் கூராக விட்டுவிட்டால் என்ன ஆகிறது பாருங்கள். கிரவுனின் உள்பக்கத்தை முடிக்கும் பர் பெரும்பாலும் 1 மி.மீ. விட்டம், அதாவது அரை மி.மீ. ஆரம். அந்த உருண்டை முனை கூரான குழிக்குள் நுழையாது. டிசைன் மென்பொருள் இதை அறிந்து, அந்த இடத்தில் உள்பக்கத்தைக் கூடுதலாகக் குடைந்துவிடும். கிரவுன் உட்காரும், ஆனால் உள்ளே தொளதொளவென்று இருக்கும், சிமெண்ட் தடித்துவிடும். மெஷினைத் திட்டிப் பயனில்லை. 0.6 மி.மீ. பர் போட்டால் ஓரளவு சரியாகும், நேரம் கூடும். உண்மையான மருந்து டாக்டரிடம் பேசுவதுதான், அந்தப் பேச்சுக்கு மெஷினைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது திருடன் சுருக்கம். ஒவ்வொரு டிஸ்க் மேலும் 1.2-க்கும் 1.3-க்கும் இடையில் நான்கு தசம எண்ணோடு ஒரு பெருக்கு எண் அச்சடித்திருக்கும். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் அதுவும் மாறும். 1.25 என்றால் வெட்டியது சுட்ட பிறகு ஐந்தில் நான்கு பங்காகும் என்று பொருள். அதைத் தவறாகப் பதிந்தாலோ, அடுப்பின் வெப்பம் சரியில்லாமல் போனாலோ கால் சதவீதம் பிசகுவது எளிது. பத்து மி.மீ. கிரவுனில் கால் சதவீதம் 25 மைக்ரான்; யாரும் கவனிக்க மாட்டார்கள். அறுபது மி.மீ. வளைவுள்ள முழு வாய் வேலையில் அது 150 மைக்ரான், மாடலில் வைத்தால் ஆடும். தனிக் கிரவுன் எல்லாம் அருமையாக உட்காருகிறது, பிரிட்ஜ் மட்டும் ஆடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது டிஸ்க் லேபிளைத்தான். நான் மாதம் ஒருமுறை செய்கிற சோதனை இது. 40 மி.மீ. நீளத்தில் ஒரு சிறு பட்டையை டிசைன் செய்து, டிஸ்க்கில் மிஞ்சிய ஓரத்தில் வெட்டி, மற்ற வேலையோடு சுட்டு, மைக்ரோமீட்டரால் அளப்பேன். 39.95-க்கும் 40.05-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. வெளியே போனால் அன்று பெரிய பிரிட்ஜ் எதையும் தொடுவதில்லை.

மெஷினில் உண்மையிலேயே பார்க்க வேண்டிய உறுப்பு ஸ்பிண்டில், அதாவது பரைப் பிடித்துச் சுழற்றும் உருளை. கோவையில் இருப்பதில் ஒரு வசதி, தெருவுக்கு ஒரு லேத் பட்டறை உண்டு. கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஒருநாள் டயல் கேஜுடன் வந்தார். ஸ்பிண்டிலில் நேரான ஒரு தண்டை மாட்டி, கேஜின் நுனியை அதன் மேல் வைத்து, கையால் மெதுவாகச் சுழற்றினார். முள் இரண்டு கோடு போய்ப் போய் வந்தது. "இருபது மைக்ரான் ஆட்டம் இருக்குங்க, பேரிங் போகுது" என்றார். அந்த மாதம் முழுவதும் மார்ஜினில் சில்லுத் தெறிப்பதற்குப் பரைக் குற்றம் சொல்லி, புதுப் பர் புதுப் பராக மாற்றிக்கொண்டிருந்தேன். பயன்படுத்திய மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்படி ஒருவரை அழைத்துப் போகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பேரிங் போனதற்குக் காரணம் காற்று. பெரும்பாலான மெஷின்களில் ஸ்பிண்டில் பரைப் பிடிப்பதும் விடுவதும், உள்ளே தூசி புகாமல் காப்பதும் கம்ப்ரஸர் காற்றால்தான். எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், வாங்கினேன். காற்றில் உள்ள ஈரத்தை யாரும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் கம்ப்ரஸர் உறிஞ்சும் காற்று பாதி தண்ணீர். அது குழாயில் குளிர்ந்து சொட்டி, கோலட்டில் (பரைக் கவ்வும் பிடியில்) ஜிர்கோனியா மாவோடு சேர்ந்து பசையாகி, பர் பிடிப்பு தளர்ந்து, நடுவேலையில் பர் இறங்கிவிட்டது. மெஷின் விற்றவர்கள் ஏர் டிரையர் அவசியம் என்று கொட்டேஷனில் எழுதவே இல்லை. கேட்டபோது, அது உங்கள் பொறுப்பு என்றார்கள். ஸ்பிண்டில் வரும்வரை ஐந்து வாரம் மெஷின் படுத்துக் கிடந்தது, தவணை மட்டும் நிற்கவில்லை. ரெஃப்ரிஜரேட்டட் ஏர் டிரையருக்கும் வேக்குவத்துக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் சேர்த்து மெஷின் விலையில் எவ்வளவு கூடும் என்று முதல் நாளே கேட்டு, அதையும் கடன் தொகைக்குள் கொண்டுவாருங்கள்.

மின்சாரத்துக்கு மெஷின், கணினி, வேக்குவம், கம்ப்ரஸர் நான்கையும் அரை மணி நேரமாவது தாங்கும் ஆன்லைன் யு.பி.எஸ். வேண்டும். அடுப்பை அதில் சேர்க்காதீர்கள், தாங்காது. அடுப்புக்கு ஜெனரேட்டர்தான், மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்பதை வாங்குமுன் கேளுங்கள். வேக்குவத்தில் நுண்தூசி வடிகட்டி இருக்க வேண்டும். அந்த வெள்ளை மாவு அறையில் பறந்தால் உங்கள் பையன்களின் நுரையீரலுக்குப் போகிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் வெட்டும் இடத்தில் மாவு தேங்கி, பர் தன் மாவையே மறுபடி அரைக்கும். சத்தம் மாறுவதை வைத்து அதைக் கண்டுபிடிக்கப் பழகிவிடுவீர்கள்.

டிஸ்க் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், 98 மி.மீ. திறந்த அமைப்பையே (எந்த நிறுவன டிஸ்க்கும் பொருந்துவது) எடுங்கள். ஜிர்கோன்சானின் 95 மி.மீ., அமான் கிர்பாக்கின் 71 மி.மீ. வகைகள் நல்ல நிறுவனங்களின் நல்ல அமைப்புகள். ஆனால் ஒரு டிஸ்க் தீர்ந்துபோய் அவசரம் என்றால் பக்கத்து லேபில் கடன் வாங்க முடிவது 98-தான். கேம் மென்பொருளில் மில்பாக்ஸும் ஹைப்பர்டென்டும் நான் பழகியவை, இரண்டிலும் குறையில்லை. மெஷினோடு அதன் சொந்த மென்பொருள் மட்டும்தான் வேலை செய்யும் என்றால், ஆண்டுச் சந்தா எவ்வளவு, கட்டாவிட்டால் மெஷின் நிற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஜெர்மனியா ஜப்பானா சீனாவா என்ற கேள்விக்குப் பலரும் சூடாகிவிடுகிறார்கள். ரோலண்ட், வி.எச்.எஃப்., இமெஸ்-ஐகோர் மெஷின்கள் பத்து ஆண்டு கடந்தும் ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீன மெஷின்களில் கடந்த சில ஆண்டுகளில் வந்தவை ஜிர்கோனியாவுக்கு நன்றாகவே வெட்டுகின்றன; பத்தாம் ஆண்டில் அவை எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் காலம் ஆகவில்லை. எனக்கு நாட்டைவிடப் பெரிது ஆள். ஸ்பிண்டில் போனால் எத்தனை நாளில் வரும், மாற்றத் தெரிந்தவர் திருநெல்வேலியிலிருந்து எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார், அவருக்குப் பதிலாக இன்னொருவர் உண்டா? இதற்கு விற்பனையாளர் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். அதே மெஷினை இரண்டு ஆண்டுக்கு மேல் ஓட்டும் மூன்று லேப்களின் எண்ணைக் கேட்டு வாங்கி, கடைசியாக மெஷின் எப்போது நின்றது, எத்தனை நாள் நின்றது என்று மட்டும் கேளுங்கள். நிற்கவே இல்லை என்று சொல்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

ஆக உங்கள் இரண்டு கொட்டேஷனில் என் கை போவது உலர்வான 5 ஆக்ஸிஸ் மீது, அதுவும் இப்போது இல்லை. இடையில் டெமோ பார்க்கக் கூப்பிடுவார்கள், போங்கள். அவர்கள் தயாராக வைத்திருக்கும் ஃபைலை வெட்டிக் காட்ட விடாதீர்கள். டாக்டர் ஆடுகிறது என்று திருப்பி அனுப்பிய உங்கள் பிரிட்ஜ் ஒன்றின் ஃபைலையும், நீங்கள் வழக்கமாக வாங்கும் டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். பர் மாற்றுவதையும் வடிகட்டி கழற்றுவதையும் நீங்களே செய்து பாருங்கள். வெட்டி முடியும்வரை எழுந்திருக்க வேண்டாம். சின்டர் செய்து பிறகு அனுப்புகிறோம் என்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாமல், சுடாத பிரிட்ஜைப் பஞ்சில் சுற்றி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, உங்கள் அடுப்பில் நீங்களே சுட்டு, உங்கள் மாடலில் வைத்துப் பாருங்கள். அடுப்பை முதலில் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.